மூளிக் காசு

9.8.91, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை பாவ்லா காட்டிவிட்டுப் போய்விட்டது.

முதலில் அசிங்கத்தை எழுதித் தொலைக்கிறேன். ஒரு வருடமாக எனக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை. வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் ஃபாக்டரியில் 'தாத்தா' என்பான்கள். ஆகவே ஸ்டோரில் வாஷர் அளவு பார்ப்பதெல்லாம் விரலால் தடவித்தான். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, பழங்காசு சேர்க்கும் மெட்ராஸ் பெரிய மனிதருக்குக் கடிதம் வேறு: "நேரில் பரிசோதித்தேன். தேய்மானம் இல்லை. ஓரத்தில் ஒரு கீறல் இல்லை." கீழே கையெழுத்து. அதன் கீழே 'நாணய ஆய்வாளர்'. லைப்ரரியில் மூன்று புத்தகம் புரட்டிய ஆய்வாளர்.

காசு கமலா அக்காவுடையது. சேரப்பணஞ்சேரியில், அவள் புகுந்த வீட்டு வழி வந்தது. தங்க வராகன். சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பக்கம் பெருமாளும் இரண்டு தாயாரும், மறுபக்கம் முழுக்கப் புள்ளி. பூஜை மாடத்தில் மஞ்சள் டப்பாவுக்குள்ளேயே கிடந்ததால் பெருமாள் மூக்குகூடத் தேயவில்லை. (பார்த்துச் சொன்னது அக்கா மகள் விஜயா. நான் "ஆமாம் ஆமாம்" என்றேன்.)

விஜயாவுக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. புதனுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போச்சு. அதற்குத்தான் விற்பது. ஞாயிறு அவர் வருகிறார். காசைக் கழுவாதே, புளி போட்டுத் தேய்க்காதே, மதிப்பு போய்விடும் என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியாயிற்று.

11.8.91, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

போனால் வாசலில் பெரிய கோலம். உள்ளே கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. அக்கா பட்டுப்புடவையில். விஜயாவைத்தான் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டம்மாள் பூ கொடுத்துவிட்டுப் போனாளாம்.

மெட்ராஸ்காரர் காரில் வந்தார். பஜ்ஜியைத் தொடவில்லை. வெள்ளைக் கையுறை மாட்டி, பூதக்கண்ணாடி எடுத்து, ஆபரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். அக்கா வெற்றிலைத் தட்டில் காசைக் கொண்டுவந்து நீட்டினாள்.

காசின் தலையில் வளையம். புதிதாகப் பற்றவைத்தது. எனக்கே தெரிந்தது. வளையத்தில் சிவப்புப் பட்டுக் கயிறு.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். பஜ்ஜியில் ஈ.

"மூளியா எப்டிடா காட்றது? நாலு பேர் கையில எடுத்துப் பாக்கற பொருளு. படப்பை ஆசாரியாண்ட குட்து வளையம் போட்டுகினு வந்தேன். கழுவாதன்னே. கழுவலையே?"

வாஸ்தவம். கழுவவில்லை.

அவர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் நாலு வரி. அப்புறம் தமிழில், பழைய பேப்பர் வாங்குகிறவர் குரலில்: எடைக்குத் தங்கம் என்ன போகுமோ அதுதான். அக்கா தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சாமிய எடைக்குப் போடறதுக்கா இந்த ஆளைக் கார் வச்சு இட்டாந்த?"

அருவருப்பு. யார் யார் மேல் என்று பார்த்தால்: அக்கா. கேட்டால் என் மூக்குக்கும் வளையம் போட்டுவிடக்கூடிய ஆசாரி. வீட்டில் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்த மெ.காரர். அப்புறம் மிச்ச பஜ்ஜியைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்த நான்.

பஜ்ஜி நன்றாயிருந்தது. அது இன்னும் கேவலம்.

12.8.91, திங்கள்

ஸ்டோரில் அக்கா கதையை நடித்தே காட்டினேன். தலையில் பெரிய வாஷரை வைத்துக்கொண்டு, நான்தான் வராகன். சூப்பர்வைசர் கண்ணில் நீர் வரச் சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார். ஓ.டி. ஆட்களுக்காக இரண்டாம் ஆட்டம். இரண்டாம் டீ.

பஸ்ஸில் வரும்போது வாயெல்லாம் கசப்பு. அங்கே விஜயா சர்ட்டிபிகேட்டை எல்லாம் மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாளாம். நான் அதைக் காட்டி டீ குடித்திருக்கிறேன். த்தூ.

14.8.91, புதன்

தூறல். அரை நாள் லீவு. அக்காவோடு படப்பையில் பாங்க், நகைக் கடன். என் வாட்ச், மனைவியின் தோடு, கூட இந்தக் காசு. கவுன்டர்காரர், காசெல்லாம் எடுக்க மாட்டோம், நகைதான் என்று ஆரம்பித்து (வாட்சை முதலிலேயே திருப்பித் தள்ளிவிட்டார்), வளையத்தைப் பார்த்ததும் 'டாலர் ஒன்று' என்று எழுதிக்கொண்டார். மூன்று மணிக்கு விஜயாவுக்குப் பணம் கட்டியாயிற்று.

பஸ் ஏறும்போது அக்கா கேட்டாள்: "இப்ப இன்னா சொல்ற, ஆய்வாளரே?"

அவளை அனுப்பிவிட்டு, கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே என்று ஆசாரி கடைக்குப் போனேன். இத்தனை காலம் நெருப்பே படாத காசில் பற்றவைக்க எப்படி ஐயா மனசு வந்தது என்று கேட்டேன். அவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

"நெருப்பே படாததா? யாரு சார் சொன்னது? எந்தக் காலத்துலயோ வளையம் வச்சுப் புடுங்கின வடு கீது ஓரத்துல. வெரலால தடவுனாலே நெருடுமே. அதே எடத்துலதான் நானும் வச்சேன்."