இரண்டாம் ஞானஸ்நானம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாமுவேல் வீட்டார் இன்று மாலை எனக்கும் அவனுக்கும் கல்யாணத் தேதி குறிக்க வந்தார்கள். கூடவே அவர்களுடைய பெந்தெகொஸ்தே பாஸ்டரும் வந்தார். எங்கள் இரண்டு வேறு சபைகளின் ஒற்றுமைக்காக நீளமாக ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காமல் கல்யாணத்தை நடத்தி வைக்க முடியாது என்றார்.

"அவளுக்குக் கொழந்தையிலயே குடுத்தாச்சிங்களே," என்றார் அப்பா.

"கொழந்தைக்கு இன்னா தெரியும் பிரதர்? விசுவாசிச்சி முழுகணும்."

"அப்போ எங்க கோயில்ல குடுத்தது இன்னாங்க, குளிப்பாட்டி வுட்டதா?"

பாஸ்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் ஞானஸ்நானத்தன்று, சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸின் கோயிலில் என்னைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்.

தண்ணீரில் முழுகுவதில் எனக்குப் பயமில்லை. ஆனால் முழுகினால், இத்தனை வருடம் அப்பா பக்கத்தில் கோயிலில் முழங்கால் போட்டு வாங்கிய திருவிருந்தின் அப்பமும் ரசமும் எல்லாம் பொய் என்று நானே சொன்னதாகும். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. சாமுவேல் தலைகுனிந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது போனில் எழுதியிருக்கிறான்: "ரெண்டு நிமிஷம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். யாருக்கு இன்னா நஷ்டம்?"

நம்பாமலே முழுகச் சொல்கிறாயா என்று கேட்டேன். பார்த்துவிட்டு ஆஃப்லைன் போய்விட்டான். பாஸ்டராவது தான் சொல்வதை நம்புகிறார். அவரோடு சண்டை போடலாம். இவனோடு எதைப் பேசுவது?

காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் வழக்கமான பெங்களூர் ரயில். எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பான். நான் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொள்ளப் போகிறேன்.