ஒரு படி கூட்டிச் சொன்ன அப்பாவுக்கு

எதையும் ஒரு படி கூட்டிச் சொல்லியே சந்தோஷப்பட்ட என் அப்பாவுக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கன்னடப் பேச்சுப் போட்டியில் நம் நித்யா மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். நிஜமாகவே முதல் பரிசு. மாநிலப் போட்டி சனிக்கிழமை, பெங்களூரில். போக மாட்டேன் என்கிறாள். வேறு வழி தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

காரணம் நீங்கள்தான்.

நம் வீட்டில் யார் கோப்பை வாங்கினாலும் அது அலமாரிக்குப் போனதில்லை. உங்கள் ஆட்டோவில், மீட்டருக்குப் பக்கத்தில், ஆயுத பூஜை மாதிரி செவ்வந்திச் சரம் சுற்றிக்கொண்டு உட்காரும். மண்டி மொஹல்லா ஆட்டோ ஸ்டாண்டில் ஏறுகிறவர்கள் "ஏனப்பா இது, என்ன கப்பு?" என்று கேட்காமல் இறங்க முடியாது. பள்ளியில் ஜெயித்தால் தாலுகா என்பீர்கள். தாலுகாவில் ஜெயித்தால் மாவட்டம்.

"அப்பா, தாலுகா இல்ல, ஸ்கூல்தான்" என்று நான் பின்னாலிருந்து சொல்வேன்.

"நீ டிப்ளமா படிச்சு மெஷினைத் திருத்துடா. என்னைத் திருத்தாதே."

ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் அவசரப்பட்டீர்கள்? அப்போது நித்யா தாலுகாவில்தான் ஜெயித்திருந்தாள். உங்கள் வழக்கப்படி மாவட்டம் என்று சொல்லியிருக்கலாமே. மாஸ்க்கை விலக்கிவிட்டு, "எம் பொண்ணு ஸ்டேட் ஃபர்ஸ்ட், சிஸ்டர்" என்றீர்கள். பார்க்க வந்த ஸ்டாண்டுக்காரர்களிடமும் அதையே சொன்னீர்கள். இரண்டு படி தாண்டிவிட்டீர்கள். நேரமில்லை என்று தெரிந்துவிட்டதா, அப்பா?

உங்களைக் கிடத்தியிருந்த அன்று, ஸ்டாண்டில் உங்கள் பக்கத்து வண்டிக்காரர் சித்தண்ணா, "ஸ்டேட் ஃபர்ஸ்ட் மகளே" என்று அவள் தலையைத் தடவி அழுதார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

நேற்று அவளிடம் கத்திவிட்டேன். "நல்லாத்தானே பேசறே? என்ன கேடு உனக்கு?"

"பேடாண்ணா, வேண்டாம். நான் போகல."

"அதான் ஏன்?"

"தோத்துட்டா அப்பா சொன்னது பொய்யாயிடும். போகலைன்னா அது அப்படியே இருக்கும்."

வேலை பார்க்கும் நஞ்சன்கூடு ஃபேக்டரியில் ஒரு மோட்டார் நின்றுபோனால் எங்கே பிரித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும். இவளை எங்கே பிரிப்பது? நீங்கள் பெருமைப்பட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அது ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள்மேல் கோபம் வருகிறது. கோபப்பட நீங்களும் இல்லை.

இன்று காலை உங்கள் ஆட்டோவின் உறையை உருவினேன். பாட்டரி செத்திருந்தது. மாற்றினேன். அவள் வாங்கிய கோப்பையை மீட்டர் பக்கத்தில் கட்டிப் பூச்சுற்றி, நித்யாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்டாண்டுக்கு ஓட்டினேன். சித்தண்ணா எட்டிப் பார்த்தார்.

"யார்து கப்பு இது?"

கண்ணாடியில் அவள் முகம். நான் சரியாகச் சொல்லித் தொலைப்பேன் என்று பயந்துகொண்டிருந்தாள்.

"நித்யாவோடது. ஆல் இந்தியா ஃபர்ஸ்ட்" என்றேன். குரல் உடைந்து, கேவலமாக வந்தது.

சித்தண்ணா என்னையே பார்த்தார். "உங்கப்பன் வியாதி உனக்கும் வந்துருச்சா? அவன் எது சொன்னாலும் நாங்க ஒண்ணு கழிச்சுத்தான் கேப்போம்."

"ஆஸ்பத்திரில சொன்னது?" பின்னாலிருந்து நித்யா.

"அதுலயும் கழிச்சோம்மா. ஜில்லா ஃபர்ஸ்ட்னுதான் நினைச்சோம். ஏன், இல்லையா?"

அவள் இறங்கி வந்து கோப்பையை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். 'ஜில்லா மட்ட', அதாவது மாவட்ட அளவு, என்று அதில் கன்னடத்தில் எழுதியிருந்ததை விரலால் தடவினாள். பிறகு அழுதாள், அப்பா. நீங்கள் போனபோதுகூட அப்படி அழவில்லை.

போட்டிக்குப் போகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. சனிக்கிழமை விடியும்போது உங்கள் ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்திருப்பேன். அவள் ஏறினால் பஸ் ஸ்டாண்ட் வரை நான்தான் ஓட்டுவேன். ஜெயித்தாலும் தோற்றாலும், கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு படி கூட்டியே சொல்வேன். இது சத்தியம்.

இனி உங்களைத் திருத்தாத உங்கள் மகன்,
நித்யாவின் அண்ணன்