எதைத் திருப்பித் தரும்?

இன்று திருமுடிவாக்கத்தில் பஸ் நின்றபோது, ஏதோ பட்டறையிலிருந்து அறுபட்ட தகட்டின் சூட்டு வாசனை ஜன்னல் வழியே வந்தது. உன் சட்டையில் இருந்த வாசனை. பக்கத்தில் இருந்தவர் "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படியொரு பட்டறைக்குத்தான் நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். ஒரு தகட்டில் துண்டுகளை எப்படி அடுக்கினால் வீணாகாது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். கணக்குப் பகுதி முழுக்க உன்னுடையது. புரோகிராமின் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒரு ஃபங்ஷன்; எதன் மேலேயும் ஒரு வரி விளக்கம் எழுத மாட்டாய். அது கணக்குப் போட்டு எதைத் திருப்பித் தரும், தருகிற அட்டவணையில் எத்தனை வரிசை, எந்தக் கட்டத்தில் நீளம், எதில் அகலம், ஒன்றும் இருக்காது. கேட்டால், "நான்தான் பக்கத்துலயே இருக்கேனே மச்சான், என்னைக் கேளு" என்பாய்.

ஒரு நாள் காலை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்தாய். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. பட்டறை முதலாளி, "முடியாம கீறாருன்னு தெரியுதுப்பா. ஆனா மெஷின் சும்மா நிக்குதே" என்றார். வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது என் பையில் இருந்த புரோகிராம் பிரிண்ட் அவுட்டை நீயே இடது கையால் தட்டிக் காட்டினாய். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "துண்டு பொருந்தலைன்னா என்ன தரும்? பூஜ்யமா, மைனஸ் ஒண்ணா?" முஷ்டியை மூடினால் பூஜ்யம், விரலைத் தூக்கினால் மைனஸ் ஒன்று. எழுதிக்கொண்டே வந்தேன். உன் மனைவி வசந்தா, "போதும்ண்ணா, அவருக்கு மூச்சு வாங்குது" என்றாள். தாளை மடித்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கடைசி ஃபங்ஷனுக்கு வந்தபோது விரலும் எழவில்லை, முஷ்டியும் மூடவில்லை. "வ... வ..." என்றாய்.

"வரிசையா? எத்தனை வரிசைன்னு சொல்றியா?"

இல்லை என்று தலையை அசைத்தாய். உன் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. குழாயடியில் வசந்தா பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். ஓடி வந்து, "என்னங்க?" என்றாள். அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாய். வார்த்தை வரவில்லை. நான் வெளியே வந்து நின்றேன்.

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த ஃபங்ஷனை விதவிதமான அளவுகள் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். என்ன தருகிறது என்று தெரிந்தது. மேலே எழுதிவைத்தேன். மெஷின் ஓடியது.

சேலையூர் வீட்டைக் காலி செய்த அன்று வசந்தா கேட்டாள்: "அன்னைக்கு அவர் என்னண்ணா சொல்ல வந்தார்?"

"உங்க பேரைத்தான்மா."

"அதுக்கப்புறம்?"

இன்றும் எந்த ஃபங்ஷன் எழுதினாலும், அது எதைத் திருப்பித் தரும் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அவளுக்குச் சொல்ல மட்டும் இன்னும் என்னிடம் ஒன்றும் இல்லை.