மணமில்லாத மருந்து

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தார். எனக்கும் மூக்கு திறந்தது, உங்கள் நினைவும் வந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் மூக்கைத் திறந்துவிடும் தைலம், அதைக் காய்ச்சும் மலையில் உங்களுக்கு மட்டும் ஆகாமல் இருந்தது.

நீங்கள் தேயிலை ஃபேக்டரியில் ருசி பார்ப்பவர், நான் கணக்கு எழுதுபவன். வாசனை சோப்பு போட்டுக் குளித்தவரைக்கூட உங்கள் அறைக்குள் விடமாட்டீர்கள். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவீர்கள். அது முடியும்வரை காலைப் பலகாரம் கிடையாது. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

மழை பிடித்தால் உங்களுக்குச் சைனஸ் தலைவலி. புருவத்துக்குப் பின்னால் ஈர இலை மூட்டையை ஏற்றி வைத்தது போல இருக்கிறது என்பீர்கள். தைலம் தடவினால் அன்றைய டீயெல்லாம் தைலமாக மணக்கும். ஆவி பிடித்தால் ஃபேக்டரி வாசலுக்கு வருவதற்குள் மறுபடி அடைத்துக்கொள்ளும். வீக்கத்தை வற்றவைக்கும் வலி மாத்திரைக்கு மட்டும்தான் மணமில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லி மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொன்னார். நீங்களும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினீர்கள். சாப்பிட்டால் ருசி பார்க்க முடியாது, மாத்திரை போடாவிட்டாலும் ருசி பார்க்க முடியாது. நடுவில் வயிறு என்று ஒன்று இருப்பது யாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

நான் லீவு போடச் சொன்னேன். "மூக்கு போச்சுன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சா குவார்ட்டர்ஸும் போச்சுங்க" என்றீர்கள்.

உங்கள் முகம் வெளுத்தது. குளிருக்கு நல்ல நிறம் வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். மலம் கறுப்பாகப் போகிறதென்று உங்கள் வீட்டம்மா பயந்தபோது சிரித்தீர்களாம். "பொழுதுக்கும் டீயிலயே கெடக்கறவனுக்கு வேற எப்படிப் போகும்?"

நீங்கள் ஒரு வாய்கூட விழுங்காத டீ.

அன்று காலை துப்பும் தொட்டியில் நீங்கள் வாந்தியெடுத்ததையும் பக்கத்தில் நின்றவர் டீ என்றே நினைத்தார். கோவைக்குக் கொண்டுபோன வண்டி மலையிறக்கத்தில் பர்லியாறு தாண்டும்வரைகூட உங்கள் உயிர் தாங்கவில்லை. வயிற்றுப் புண்ணிலிருந்து ரொம்ப நாளாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். காரியம் முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

இப்போது உங்கள் நாற்காலியில் வேறொருவர். மழை பிடித்ததிலிருந்து அவரும் புருவத்தைப் பிடித்துக்கொள்கிறார். சட்டைப்பையில் அதே மாத்திரை அட்டை. உங்கள் கதையைச் சொன்னேன், மிகவும் வருத்தப்பட்டார். மாத்திரைக்கு முன்னால் தின்னட்டும் என்று தினமும் பேக்கரியில் மொறுமொறு வர்க்கி வாங்கிப் போகிறேன்.

"தப்பா நினைக்காதீங்க, வர்க்கியோட நெய் வாசம் இந்த ரூமுக்கு ஆகாதுங்க" என்கிறார்.

சாயங்காலம் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குத் தூக்கி வருகிறேன்.