சைக்கிள் ட்யூபும் சுக்கு வெள்ளமும்

என் பிடிவாதக்கார அத்தானுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது கோபம்தான் மிச்சம். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? மற்றவர்கள் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் அம்பாசடரில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடம்பெல்லாம் உதறி, அணைந்துவிடும். போன வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் தம்பி தாணு வந்து பார்த்தான்.

"மைனி, கார்புரேட்டர் போச்சு. இனி இத வச்சு என்ன செய்யதுக்கு? பழைய இரும்புக்குக் குடுத்துருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடம் உங்கள் பக்கத்தில் டார்ச் பிடித்தவள் நான். "ஏட்டி, நேரா பிடி" என்று கத்துவீர்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களே தவிர, ஒரு ஸ்பேனரைத் தொட விட்டீர்களா? ஆனால் காது என்னுடையதுதானே. பானெட்டைத் திறந்ததுமே 'ஸ்ஸ்' என்று கேட்டது. எங்கோ ஓட்டை வழியாக ஏர் எடுக்கிறது.

தாணுவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, வண்டி அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவி அழுத்திப் பார்த்தேன். மெல்லிய ஹோஸ்களில் ஒன்றும் இல்லை. பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸின் நுனியில் வைத்ததும் விரலை உள்ளே இழுத்தது. இன்ஜின் சட்டென்று சீரானது. குனிந்து பார்த்தால், அங்கே ஒரு சுற்று சைக்கிள் ட்யூப்! இழுத்துக் கட்டி முடிச்சும் போட்டிருக்கிறீர்கள். அடியில் ஹோஸ் விரிசல் விட்டிருக்கிறது. மேலே கட்டிய ட்யூபும் காய்ந்து வெடித்துவிட்டது.

பிரேக்குக்குப் போகிற ஹோஸில் ஒட்டுப்போட்டுவிட்டா என்னையும் மகளையும் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனீர்கள்? 'பிறகு மாத்திக்கலாம்' என்று நினைத்திருப்பீர்கள். கடைசி நாளில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒண்ணும் இல்லட்டி, வாயு" என்றதும் அதே ஆள்தானே? கல்யாண வீட்டில் சாப்பிட்ட எரிசேரிமேல் பழியைப் போட்டீர்கள். அடுத்த தெருவில் போகிற வண்டிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவருக்குத் தன் நெஞ்சு சொன்னது மட்டும் கேட்கவில்லையா?

என்மேலும் கோபம்தான். சுக்கு வெள்ளம் கேட்டீர்கள். கொதிக்கவைத்துக் கொடுத்தேன், இரண்டு தடவை. உங்களை வண்டியில் ஏற்ற வேண்டிய நேரத்தில் அடுப்படியில் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஹோஸின் விரிசல் விட்ட நுனியை வெட்டிவிட்டு, மீதியைச் செருகி கிளிப்பை முறுக்கினேன். வண்டி உதறாமல் நின்று ஓடியது. நிமிர்ந்தால், தாணு வேர்த்துப்போய் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"என்னலே செய்யுது?"

"ஒண்ணுமில்ல மைனி, வாயுதான். இத்திரி சுக்கு வெள்ளம் தாங்க."

"வாயுன்னு இன்னொருக்கா சொன்னே, பல்லப் பேத்துருவேன். தள்ளி இருலே!"

நானே ஓட்டினேன். நாகர்கோவில் போய்ச் சேரும்வரை ஒரு சிக்னலிலும் வண்டி அணையவில்லை. ஈசிஜி பார்த்த டாக்டர் அவனை வீட்டுக்கு விடவில்லை. அடைப்பு. அன்றைக்கே சரிசெய்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருந்துகொண்டு, சட்னியில் உப்பில்லை என்று சண்டை போடுகிறான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி, அத்தான். அந்த நாற்பது நிமிடம் அன்றைக்கு நமக்கும் இருந்ததே?

வண்டியை விற்க மாட்டேன். புது ஹோஸ் வாங்கி நானே மாட்டிவிட்டேன். உங்கள் சைக்கிள் ட்யூபை எறியவில்லை, சுக்கு டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இனி இந்த வீட்டில் யார் நெஞ்சைத் தடவிக்கொண்டு சுக்கு வெள்ளம் கேட்டாலும், டப்பாவைத் திறந்ததும் கையில் அதுதான் முதலில் தட்டுப்படும். டப்பாவை மூடிவிட்டுக் கார் சாவியை எடுப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

கோபம் இன்னும் ஆறாத
உங்கள் பெண்டாட்டி,
பகவதி