பாண்டி ஜீப்பின் பின்படி

போடிநாயக்கனூர்,
வியாழன் மாலை.

அன்பு மருமகள் சிவரஞ்சனிக்கு, ஏலமலைச் சீமையின் முடிசூடா மன்னனும் ஜீப்பு ஸ்டாண்டு டீக்கடையின் நிரந்தரத் தலைவனுமாகிய உன் தாய்மாமன் ஈஸ்வரன் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் இன்று மாலை வரை நலம்.

இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று மலைமேல் பரமசிவன் சாட்சியாக உறுதி அளிக்கிறேன். போனில் சொன்னால், 'மாமா, ஆராய்ச்சிக் கூடத்துல இருக்கேன், அப்புறமா கதை விடுங்க' என்று வைத்துவிடுகிறாய். போட்டோ அனுப்பினேன், சிரிக்கிற பொம்மையைத் திருப்பி அனுப்பினாய். தேவாரம் ஊர் யானை பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படத்தை உனக்கு அனுப்பியவனும் நான்தானே, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால்தான் கூரியரில் காகிதம்.

இங்கே நல்ல மழை. மலையடி முந்தலில் தவளைகள் குடை பிடித்துப் போகின்றன. ஏலக்காய் இந்தத் தடவை அத்தனை பருமன். ஒன்றை உடைத்தால் தெருவே பாயசம் மணக்கிறது. அதனால் எஸ்டேட்டுக்கு ஆள் போதவில்லை, ஜீப்புகளுக்கு ஓய்வில்லை. விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

பொங்கலுக்கு நீ வந்தபோது பாண்டியராஜன் புது ஜீப்பு எடுத்திருந்தானே, அதன் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, 'நாங்க ஆராய்ச்சிக் கூடத்துல பண்ற மாதிரி இரும்புதான் மாமா. தகடு மெலிசு, பலம் ஜாஸ்தி. வண்டி எடை நூறு கிலோ குறையும், டீசலும் மிச்சமாகும்' என்றாய். சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாய். நான் என் பங்குக்கு, என் மருமகள் காய்ச்சிய இரும்பில் ஐராவதமே ஏறினாலும் வளையாது, காற்றடித்தால் மட்டும் வண்டியைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்று டீக்கடையில் பிரகடனம் செய்தேன். அதை எவனும் நம்பவில்லை. நூறு கிலோவை மட்டும் பாண்டி நம்பினான். 'நூறு கிலோ மிச்சம்னா ரெண்டு பொம்பளையாளு. காயெடுக்கப் போற வேலுத்தாய் அக்கா மாதிரி ஒல்லின்னா மூணு' என்றான். நீங்கள் அங்கே உலைமுன் வெந்து கழித்த எடையை, இவன் சேலை கட்டி போடிமெட்டு வளைவுகளில் ஏற்றிவிட்டான்.

ஏறியவர்கள் நிற்க இடம் வேண்டாமா? சின்ராசு பட்டறையில் ஜீப்புக்குப் பின்னால் ஒரு படி வைத்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தினமும் அதில் எஸ்டேட் சோலிக்குப் போகிற உன் அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை என்று பார்த்து, பாண்டிதான் படியைத் தாழ வைக்கச் சொன்னானாம். அது பொருந்துவதற்காகச் சட்டத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, தட்டி, வெல்டு வைத்திருக்கிறான் சின்ராசு. பழைய ஜீப்பு இரும்பு எத்தனை சூடு வைத்தாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் கிடக்கும். அதில் பழகிய கை அவனுக்கு. உன் இரும்பைப் பற்றி நீ என்னிடம் சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும்? 'ஸ்டோர்ல பக்குவமா உலர்த்திப் பச்சை பிடிச்ச ஏலக்காயை மறுபடி அடுப்புல காட்டுவீங்களா மாமா? இதுவும் அப்படித்தான். சூடும் குளிர்ச்சியும் அளந்து வச்சுக் கொடுத்த பலம். திரும்பத் தீ காட்டினா அந்த இடத்துல பலம் போயிரும்' என்றாயே.

செவ்வாய்க்கிழமை என் சுண்ணாம்பு டப்பா அந்த ஜீப்புக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தேன். வெல்டு முடிகிற இடத்தில், சட்டத்தில் ஒரு கீறல். மேலே காய்ந்திருந்த சேறும் அதே கோட்டில் பிளந்திருந்தது. உடனே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். சட்டம் விட்டிருக்கிறது என்று பாண்டியிடம் சொன்னேன். 'மாமா கண்ணுல பட்டா நகக்கீறலும் வைகை ஆறாயிரும்' என்றான். கூட்டம் கூடியதும் என் வாய் சும்மா இருக்குமா? விரிசல் போடியில் தொடங்கி மூணாறில் முடிகிறது என்றேன். ஸ்டாண்டே சிரித்தது. சின்ராசு ஓடிவந்து, 'ஈஸ்வரண்ணன் மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல' என்று அதன்மேல் கறுப்புப் பெயிண்டை இழுகிவிட்டான். இப்போது எவருக்கும் காட்டக் கீறலும் இல்லை.

வேறு ஜீப்பில் போ அக்கா என்று உன் அம்மாவிடம் மன்றாடினேன். 'விரிசல் வண்டியில இல்லடா, உன் வாயில இருக்கு. இது எம்மக இரும்பு. வேற எந்தப் பெத்தவ தன் மக செஞ்ச வண்டியில போறா?' என்கிறாள். மற்றப் பெண்களை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் படிக்கு நேர் மேலே ஓரத்தில் உட்காருகிறாள். ஏறுமுன் படியில் ஒட்டிய சேற்றை முந்தானையால் துடைக்கிறாள், ஆத்தா. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

நேற்று டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். பாண்டி அடிக்க வந்தான். 'சோலிக்குப் போறவளுகளோட என்ன வெளையாட்டு அண்ணே?' என்று பெண்கள் ஏசினார்கள். காற்றடித்துக்கொண்டு வெரசா கிளம்பிவிட்டார்கள். மழையில் ஏறிய வண்டி திரும்பும்வரை ஸ்டாண்டிலேயே நின்றேன். இறங்கி வந்த உன் அம்மா, 'என்னடா, இன்னைக்கு அக்கா மேல புதுசாப் பாசம்?' என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

நாளை முதல் ஞாயிறு வரை எஸ்டேட்டில் திருவிழா, சோலி இல்லை. திங்கள் காலை வண்டி மறுபடி மலை ஏறும். இந்தக் காகிதம் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்க்காரன் சத்தியம் செய்திருக்கிறான். வந்ததும் அம்மாவுக்குப் போன் போடு. பாண்டிக்கும் போடு. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார். உன் இரும்பு மோசம் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே, தாங்கமாட்டாள். தீ காட்டியதால் வந்த வினை என்று சொல். என் பெயரை எடுக்காதே. எடுத்தால் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவாள்.

நீ நீடூழி வாழ வேண்டும், உன் கை பட்ட இரும்பெல்லாம் ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் உன் இஷ்டம்போல எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள். மூணாறு வரை எந்த விரிசலும் போகவில்லை. அது என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அந்தச் சுண்டுவிரல் நீளம் மட்டும் நிஜம், ஆத்தா.

இப்படிக்கு,
உன் மாமன்
ஈஸ்வரன்