ஐந்தாவது ஜன்னலுக்குப் பதிலாக நான் சொன்னது

குஷிரோ
அக்டோபர் 21, புதன்கிழமை

மதிப்புக்குரிய ஹதானோ அவர்களுக்கு,

நிஷிகாதா மித்சுயே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே காலையில் கடைக் கதவைத் திறந்தால் மூடுபனி ஒரு வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து நிற்கிறது. உங்கள் ஹமாமத்சுவில் இன்னும் மெல்லிய சட்டையே போதும் என்று நினைக்கிறேன். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உறையின் மேல் என் கணவர் பெயர் இருந்தது. பிரித்தது நான்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு இந்தச் சலவைக் கடைக்கு வேலைக்கு வந்தவள் நான். கடினமான சீன எழுத்துகள் எனக்கு வராது. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்க வளைக்க இன்னும் மோசமாகிறது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் தொயோஜி ஏப்ரல் பதினாறாம் தேதி வியாழக்கிழமை இறந்துவிட்டார். போனில் நீங்கள் நடத்தும் ‘உப்புச் சந்திரன்’ டிவி தொடர் குழுவில் ‘ஐந்தாவது ஜன்னல்’ என்ற பெயரில் எழுதி வந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஆறு மாதமாக அந்தப் பெயரில் எழுதியது நான். தொடரின் கடைசிப் பகுதியை எல்லோருமாக உங்கள் கடை மாடியில் உட்கார்ந்து பார்க்கப் போவதாகவும், அவரைக் கையோடு அழைத்துப் போக நவம்பர் ஏழாம் தேதி நீங்களே விமானம் ஏறி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அழைத்துப் போக இங்கே ஆள் இல்லை. நீங்கள் வர வேண்டாம்.

எப்படி இறந்தார் என்று கேட்பீர்கள். துணி கொடுக்கப் போன இடத்தில், வேனுக்குள்ளேயே. இருதயம் என்றார்கள். அந்த வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, களைப்பாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று அரை மணி நேரம் விட்டுவிட்டாராம். பின்னால் பதினோரு மேல்கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் அவற்றை நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

அவர் இருந்தவரை ‘உப்புச் சந்திரன்’ தொடரை நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணியானால் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடுவார். “வாயேன், பத்து நிமிஷம் பாரு. பிடிக்கலைன்னா எழுந்து போயிடு” என்பார். “ஏழு பேர் நிலாவுல ஒரு அறைக்குள்ள உக்காந்து வராத கப்பலுக்குக் காத்துக்கிடக்கிறாங்க. அதை நான் வேற பாக்கணுமா? ஸ்கூல் யூனிஃபார்ம் நாப்பது கிடக்கு” என்பேன். தொடர் முடிந்ததும் ஒற்றை விரலால் போனில் தட்டுவார். தட்டுவதை வாயால் சொல்லிக்கொண்டேதான் தட்டுவார். அதனால் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தாலும் எல்லாம் காதில் விழும். “யோவ் நத்தை, ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டா கப்பல் எப்படிய்யா கண்ணுல படும்?” என்று ஒரு நாள் சொன்னார். நத்தை என்பது குழுவில் உங்கள் பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் பதில் வந்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை.

அவரைத் தகனம் செய்து, சாம்பலை வீட்டில் வைத்து, உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போனது பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாலையில் அவர் போன் அலமாரிக்குள் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கடைத் தொலைபேசியின் கடைசி நான்கு எண்களைப் போட்டேன், திறந்துகொண்டது. உங்கள் வருகைப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அது நீங்கள் ஏற்படுத்திய வழக்கம். கதையில் அந்தத் தளபதி தினமும் காலையில் ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே, அதே மாதிரி ஞாயிறுதோறும் நீங்கள் இருபத்து மூன்று பெயர்களையும் கூப்பிடுவீர்கள். ஒவ்வொருவராக “இருக்கிறேன்” என்று எழுத வேண்டும். கடைசி ஆளும் பதில் சொல்லும்வரை யாரும் கதையைப் பற்றிப் பேசக் கூடாது. அன்றைக்கு இருபத்திரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். “ஐந்தாவது ஜன்னல் இன்னும் வரவில்லை. காத்திருப்போம்” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கீழே ஒருவர், “குளிக்கப் போயிருப்பாரு” என்று போட்டிருந்தார். இன்னொருவர், “வேன் பஞ்சரா இருக்கும்” என்றார். திமிங்கில எலும்பு என்ற பெயரில் எழுதும் அந்தப் பெண், “அவர் இல்லாம ஆரம்பிச்சா அடுத்த வாரம் முழுக்க நம்மளத் திட்டியே தீத்துடுவாரு, எனக்கு வேண்டாம்பா” என்றாள். முப்பத்தைந்து நிமிடமாக அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.

நாற்பது வருடமாக நான் கல்லாவில் நிற்கிறேன். யாரையும் காக்க வைத்ததில்லை. இத்தனை பேர் எங்களால் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. “இருக்கிறேன்” என்று தட்டினேன். உடனே நீங்கள், “சரி, எல்லோரும் இருக்கிறோம். ஆரம்பிக்கலாம்” என்று எழுதினீர்கள்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன் ஹதானோ அவர்களே. அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் அவர் இல்லை என்பதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கதையைப் பற்றி ஏதாவது கேட்டால் தெரிய வேண்டுமே என்று முந்தைய பகுதியையும் புதியதையும் சேர்த்துப் பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த ஏழு பேரில் ஒருவரான டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கவனித்தேன். அதற்கு முந்தைய பகுதியில் அது கையால் தேய்த்த கோட்டு. இந்தப் பகுதியில் பிரஸ் மெஷினில் அழுத்தியது. மெஷின் அழுத்தினால் பையின் விளிம்பு மேல்துணியில் பதிந்து லேசாகப் பளபளக்கும். கைத் தேய்ப்பில் அது வராது. எனக்கு அது ஒரு பார்வையில் தெரியும். “அந்தத் தளத்தில் இருப்பது ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி. டாக்டர் கோட்டு மெஷினில் அழுத்தியது. அது வெளியிலிருந்து வந்த கோட்டு” என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பழைய பகுதிகளை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தீர்கள். எந்தெந்தப் பகுதியில் எந்தக் கோட்டு என்று ஒருவர் பட்டியல் போட்டார். டாக்டர்கள் இரண்டு பேர், ஒருவர் பூமியிலிருந்து புதிதாக வந்தவர், அப்படியென்றால் கப்பல் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது என்றார்கள். என் கணவர் ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தது அதுதானாமே. கப்பலே புறப்படவில்லை, தளபதி பொய் சொல்கிறான் என்று கடைசிவரை நின்ற நீங்கள் கூட, “தோற்றேன் ஐயா. இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதிலேயே இதுதான் உச்சம்” என்று எழுதினீர்கள். அதைச் சாமி மாடத்தில் இருக்கும் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

உண்மையில் எனக்கு என்ன தோன்றியது என்றால், டிவிக்காரர்கள் அந்தக் கோட்டை எங்களை மாதிரி ஏதோ ஒரு கடைக்கு அனுப்பியிருப்பார்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதை நான் எழுதவில்லை. நீங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்.

எனக்குக் கடின எழுத்து வராது என்பதையும் நீங்கள் விடவில்லை. ஐந்தாவது ஜன்னல் இப்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி எளிய எழுத்திலேயே எழுதுகிறாரே, அதில் ஏதோ குறிப்பு இருக்கிறது என்று மூன்று நாள் பேசினீர்கள். ஒன்பதாம் பகுதியில் வரும் குழந்தையின் கடிதத்தோடு ஒப்பிட்டுக்கூடப் பார்த்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு முதல் முறையாகச் சிரித்தேன், வீட்டில் சத்தம் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

பக்கத்து மீன் கடை ஓனோதெரா அக்காவுக்கு மட்டும் இது தெரியும். “செத்த மனுஷன் பேர்ல பேசிக்கிட்டுத் திரியிறியேடி, உனக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டார். “பயம் எதுக்கு அக்கா, நல்லவங்கதான்” என்றேன். “அவங்க நல்லவங்கதான். உன்னைத்தான் கேக்கிறேன்” என்றார். 

கடைக்கு வருகிறவர்களோடு வெயில், மழை, கறை இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இப்போதும் அரிசி இரண்டு பேருக்குக் கழுவிவிடுகிறேன். மறுநாள் மதியம் அதையே சாப்பிடுகிறேன். வாரம் முழுவதும் ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் பேசுவது அவரோடு. நன்றாக எழுதினேன் என்றால் அவரைத்தான் பாராட்டுகிறீர்கள். முட்டி வலி, பயணம் முடியாது என்று நான் சொன்ன பொய்க்கு மருந்துப் பிளாஸ்திரி அனுப்பியதும் அவருக்குத்தான். அந்தப் பிளாஸ்திரியை நான் என் தோளில் ஒட்டிக்கொண்டேன். நன்றாகக் கேட்டது. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில், “கடைசியில் என்ன நடக்கும் என்று மார்ச் மாதம் என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னீர்களே, அது பலிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. போன் முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை. தொலைபேசியில் பேசியிருப்பீர்கள் போலிருக்கிறது. எனக்கு இப்போது கதை முழுவதும் தெரியும், ஏழு பேர் பெயரும் தெரியும். அந்தச் சமையல்காரப் பெண் தினமும் எட்டுத் தட்டு வைக்கிறாளே, அது ஏன் என்று அவரிடம் கேட்க வேண்டும் போல இருக்கிறது. முப்பத்தொரு வருடம் கூட இருந்த மனிதர். கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார், நான் “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

வரும் ஞாயிறு வருகைப்பதிவில் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன், என்னால் என்னை நம்ப முடியவில்லை. மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். திமிங்கில எலும்புக்குத் தேர்வு நடக்கிறதாம், அவளுக்கு மட்டும் தேர்வு முடிந்தபின் சொல்லுங்கள். கோட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டாம். அது அவர் சொன்னதாகவே இருக்கட்டும்.

என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். ஒன்பது வருடச் சிநேகிதர் போனதை ஆறு மாதம் மறைத்திருக்கிறேன். நீங்கள் அழ வேண்டிய நேரத்தில் உங்களோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன். தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்கிறேன்.

விமான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால், இங்கே அப்போது குளிர் கடுமையாக இருக்கும், தடித்த கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையப் பேருந்தில் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், பாலம் தாண்டியதும் இறங்க வேண்டும். இடது கைப் பக்கம் மீன் கடை, அதை ஒட்டி நீலப் பலகை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது, முன்கதவு பூட்டியிருக்கும். பக்கவாட்டுச் சந்தில் ஒரு கதவு இருக்கிறது. மணி வேலை செய்யாது. பின்கட்டில் இருந்தால் எனக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் பலமாகத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.

உங்கள் குடும்பம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு,

வணக்கத்துடன்
நிஷிகாதா மித்சுயே